பெயரைக் காப்பது வாடிக்கையாளரைக் காப்பது



திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலை ஒட்டிய கீழ ரத வீதியில் மாலை வேளையில் ஒரு வரிசை நீளும். உள்ளூர்க்காரர், வெளியூரிலிருந்து வந்தவர், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரம் பார்ப்பவர் எல்லாரும் அதில் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அல்வா தீர்ந்துவிடும், கடையும் மூடிவிடும். மங்கலான விளக்கொளியில் வியாபாரம் நடந்ததால் மக்கள் வாயிலேயே பிறந்து நிலைத்த பெயர் இருட்டுக்கடை. நூறாண்டு கடந்த அந்தக் கடையின் பெயர் 2015 மார்ச் மாதம் டெல்லியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது.

அந்தப் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டு இன்னொருவர் அல்வா விற்கத் தொடங்கினார் என்பதுதான் வழக்கு. எதிர்த்தரப்பிடமும் அதே சொற்கள் அடங்கிய ஒரு டிரேட்மார்க் பதிவு இருந்தது. தானும் பதிவு பெற்றவர்தான், தன்னைத் தடுக்க முடியாது என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பெயரை முதலிலிருந்து பயன்படுத்தி நற்பெயர் சேர்த்தவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு செய்துகொண்டவரின் உரிமையைவிட மேலானது என்று சொன்னது. ஒருவரின் பெயரைக் காட்டித் தன் சரக்கை விற்பவர்மீது வழக்குத் தொடுக்கலாம். அவர் கையில் பதிவுச் சான்றிதழ் இருப்பது அதற்குத் தடையாகாது என்றும் தெளிவுபடுத்தியது. இந்திய டிரேட்மார்க் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்று நாடு முழுவதும் நம் ஊர் அல்வாக் கடையின் வழக்கைப் படிக்கிறார்கள்.

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை இந்தப் பொருளுக்கு ஒதுக்கக் காரணம் உண்டு. சிறுதொழில் செய்யும் வாசகர்களிடம் பேசும்போது இரண்டு விதமான பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "எங்கள் பெயர் ஊருக்கே தெரியும், அதை யார் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள்?" என்பது ஒன்று. "நாங்கள் சின்ன ஆட்கள், டிரேட்மார்க் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு" என்பது இன்னொன்று. இரண்டுமே அந்தப் பெயரைத் தொழில் நடத்துபவரின் சொந்த விஷயமாக மட்டும் பார்க்கின்றன. ஆனால் ஒரு பெயரில் இன்னொருவருக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பெயரை நம்பிக் காசைக் கொடுத்துப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் வாடிக்கையாளர்தான் அவர். பெயரைக் காப்பது அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. இதைத்தான் இந்தப் பக்கத்தில் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நீதிமன்றங்களும் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கின்றன. சென்னையின் மூக்குப்பொடி வியாபாரத்தில் எழுந்த ஒரு பழைய வழக்கு இதற்கு நல்ல சாட்சி. "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் ஒரு நிறுவனம் பொடி விற்றுவந்தது. "ஸ்ரீ ஆண்டாள்" என்ற பெயரை உள்ளடக்கிய முத்திரையை இன்னொரு வியாபாரி பதிவு செய்ய விரும்பினார். அம்பாள் பார்வதி, ஆண்டாள் திருவில்லிபுத்தூரில் அவதரித்த வைணவப் பெண் ஆழ்வார். நம் வீட்டுக் குழந்தைகூடக் குழப்பிக்கொள்ளாது. ஆனாலும் 1969-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவுக்கு இடமில்லை என்றது. பொடி வாங்குபவர்கள் இந்துக்கள் மட்டுமல்லர். எல்லாச் சமயத்தவரும் வாங்குகிறார்கள். கடையில் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதோடு காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அம்பாள், ஆண்டாள் இரண்டும் ஒலியில் மிக நெருக்கமானவை என்று நீதிபதிகள் கண்டார்கள். சைவ வைணவ வேறுபாடு தெரியாத ஒரு வாடிக்கையாளரை மனத்தில் வைத்து அவர்கள் முடிவெடுத்தார்கள்.

மருந்து விஷயத்தில் இந்த அக்கறை இன்னும் கூடுகிறது. மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கான இரண்டு மருந்துகளின் பெயர்கள் ஃபால்சிகோ, ஃபால்சிடாப். இவை தொடர்பான காடிலா மருந்து நிறுவன வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லா வியாபாரிகளும் நினைவில் வைக்கலாம். படித்தவரும் படிக்காதவரும் பல மொழி பேசுபவரும் வாழும் நாடு இது. இங்கே ஒரு பெயர் குழப்பம் தருமா என்பதை ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவரை வைத்து அளக்கக் கூடாது. மருந்தில் பெயர் மாறினால் இழப்பு பணத்தோடு முடியாது. ஆகவே அங்கே அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அப்பளமோ எண்ணெயோ சாம்பார்ப் பொடியோ செய்பவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். உங்கள் பெயரில் வேறொருவர் கலப்பட எண்ணெய் விற்றால், உங்களை நம்பிய குடும்பத்தின் சமையலறைக்குத்தான் அது போகிறது.

இனி உரிமை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இன்று நடைமுறையில் இருப்பது 1999-ம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம். அது 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. இந்தச் சட்டம் உரிமைக்கு இரண்டு வழிகளை ஏற்கிறது: ஒன்று பயன்பாடு, மற்றொன்று பதிவு. நிலத்துக்கு அனுபோகமும் வேண்டும், பத்திரமும் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். பதிவு இல்லாமலே பல ஆண்டுகள் பயன்படுத்திய பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அப்போது மூன்றை நீங்கள் நிரூபிக்க வேண்டும்: மக்களிடம் உங்கள் பெயருக்கு மதிப்பு இருந்தது, எதிராளி தன் சரக்கு உங்களுடையது என்று தோன்றும்படி நடந்துகொண்டார், அதனால் உங்களுக்குப் பாதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆவணம் கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள். பதிவு இருந்தால் சான்றிதழே முதல் சாட்சி. சுமை பெருமளவு குறையும். அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னால் அதே போன்ற பெயரில் விண்ணப்பிப்பவரைப் பதிவாளரே தடுத்துக் கேட்பார். அந்த வேலியின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்றிதழ், மாநகராட்சி உரிமம், கம்பெனிப் பதிவு எதுவுமே உங்களுக்குப் பெயர்மீது டிரேட்மார்க் உரிமை தருவதில்லை. ஒரு பெயரில் கம்பெனி தொடங்க அரசு அனுமதித்துவிட்டதால் அதே பெயரைப் பாக்கெட்டில் அச்சிடும் உரிமையும் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கான தாள்கள்.

பெயர் தேர்வில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பொருளின் தன்மையையோ தரத்தையோ நேராகச் சொல்லும் பெயர் காதுக்கு இனிக்கும், சட்டத்தில் வலு குறையும். "சுத்தமான நல்லெண்ணெய்" என்பதை ஒருவர் தனக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொண்டால் மற்ற செக்குக்காரர்கள் தங்கள் எண்ணெயை என்னவென்று சொல்லி விற்பார்கள்? 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் நூடுல்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. ஐ.டி.சி.யின் "மேஜிக் மசாலா", நெஸ்லேயின் "மேஜிக்கல் மசாலா" என்று இரு பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் மோதின. "மேஜிக்" என்பது சரக்கைப் புகழும் சொல். அதை ஒரே நிறுவனம் வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது என்று ஐ.டி.சி.யின் வழக்கு தள்ளுபடியானது. அவ்வளவு வசதியுள்ள நிறுவனத்துக்கே பொதுச்சொல் கைகொடுக்கவில்லை. நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் என்றால், உங்கள் பொருளோடு நேரடித் தொடர்பில்லாத, அல்லது நீங்களே உருவாக்கிய பெயரைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் விளம்பரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பிறகு அது முழுக்க உங்களுடையது.

கடவுள் பெயர்களில் நமக்கு உள்ள பற்றைச் சொல்ல வேண்டியதில்லை. முருகன், மீனாட்சி, லட்சுமி என்று பெயர் வைக்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் ஆயிரம் பேர் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயரில் உங்களுக்குத் தனி உரிமை கிடைப்பது கடினம். சமய நூல் ஒன்றின் பெயரை ஊதுவத்திக்குத் தனிச்சொத்தாகக் கேட்ட வழக்கில், "ராமாயண்" என்ற பெயர் யாருக்கும் தனியுரிமை ஆகாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பொது மனத்தில் நெடுங்காலம் ஊறிய பெயரை வைப்பவர்கள் அதனுடன் தனித்த ஒரு சொல்லையோ தங்களுக்கே உரிய ஒரு சித்திரத்தையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

ஊர்ப்பெயருக்கு வேறு பாதை இருக்கிறது. ஓர் ஊரின் மண்ணாலும் தண்ணீராலும் கைத்திறனாலும் புகழ்பெற்ற பொருளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்படுகிறது. அதன் தேசியப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை. காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020-ல் கோவில்பட்டி கடலைமிட்டாய், 2023-ல் மணப்பாறை முறுக்கு என அந்தப் பட்டியல் நீள்கிறது. அந்த உரிமை ஊரில் அந்தத் தொழில் செய்யும் எல்லாருக்குமானது. தனி ஒருவர் அதைக் கைப்பற்ற முடியாது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்பவர் புவிசார் குறியீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டு, தன் கடையின் தனிப்பெயரை டிரேட்மார்க்காகவும் பதிவு செய்யலாம். இரண்டும் ஒரே உறையில் அருகருகே இருப்பதில் முரண் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புகள், உற்பத்தியாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் பயன்படுத்தும் ஒரே பெயரைக் கூட்டு வணிகச்சின்னமாகப் பதிவு செய்யவும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

இப்போது பதிவு முறைக்கு வருவோம். தேடலில் தொடங்க வேண்டும். மத்திய அரசின் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்களைக் கட்டணமின்றித் தேடலாம். எழுத்து ஒற்றுமையோடு ஒலி ஒற்றுமையையும் தேடும் வசதி அங்கே உண்டு; அம்பாள் ஆண்டாள் வழக்கை நினைவில் வைத்துக்கொண்டு அதையும் பாருங்கள். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காபி, டீ, மாவு, மசாலா, இனிப்பு எல்லாம் 30-ம் வகுப்பு. சமையல் எண்ணெய், பால் பொருட்கள் 29. ஆயத்த ஆடைகள் 25. உணவகம் நடத்துவது 43. மசாலாப் பொடியும் விற்று ஹோட்டலும் நடத்துபவர் இரண்டு வகுப்புகளிலும் கேட்க வேண்டும். ஒரு பெயருக்கு, ஒரு வகுப்புக்கு இணையம் வழியாக விண்ணப்பித்தால் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறுநிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. உத்யம் சான்றிதழ் இங்கேதான் பயன்படுகிறது. அது உங்களைச் சிறுநிறுவனமாகக் காட்டிக் கட்டணத்தைப் பாதியாக்குகிறது.

தமிழிலேயே பெயரைப் பதிவு செய்யலாம். தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் தர வேண்டும், அவ்வளவே. உங்கள் பலகையில் தமிழும் பாக்கெட்டில் ஆங்கிலமும் இருந்தால் இரண்டு வடிவத்தையும் காப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். லோகோவை வெளியில் ஓர் ஓவியரிடமோ வடிவமைப்பாளரிடமோ வரைந்து வாங்கியிருந்தால், அதன் பதிப்புரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமையும் வந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? முன்பே தொழில் நடத்துபவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான இடம். முதல் பயன்பாட்டுத் தேதியை உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லி, அதற்கான சான்றுகளை இணைக்க வேண்டும். பழைய பில் புத்தகம், முதல் லேபிள் அச்சடித்த அச்சக ரசீது, திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், கடைத் திறப்பு விழா அழைப்பிதழ் எல்லாம் அன்று பொன்னுக்குச் சமம். உங்கள் தாத்தா காலத்துக் கல்லாப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் தாள்களை எடைக்குப் போடும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

விண்ணப்பம் போனபின் ஆய்வு அதிகாரி அறிக்கை தருவார். பெயர் பொதுச்சொல் என்றோ முன்பே உள்ள பெயரை ஒத்திருக்கிறது என்றோ ஆட்சேபம் இருந்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எத்தனையோ விண்ணப்பங்கள் உயிர்விடும் இடம் இது. அறிக்கை ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போகும். அவர் எண்ணை மாற்றியிருப்பார். நீங்கள் சான்றிதழ் வரும் என்று காத்திருப்பீர்கள். விண்ணப்ப எண்ணை நீங்களே வைத்துக்கொண்டு இணையதளத்தில் அவ்வப்போது நிலவரம் பாருங்கள். ஆட்சேபம் தீர்ந்தபின் பெயர் வாரந்தோறும் வரும் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அன்றிலிருந்து நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பில்லையென்றால் பதிவு கிடைக்கும். நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்தே அது செல்லும். பெயர் இதழில் வெளியான கையோடு, அரசு முத்திரை போன்ற தோற்றத்தில் பணம் கேட்டுக் கடிதமோ அழைப்போ வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். பதிவகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். வட்டத்துக்குள் "ஆர்" எழுத்துள்ள குறியைப் பதிவு கிடைத்தபின் மட்டுமே போட வேண்டும், அதுவரை "டி.எம்." என்று போட்டுக்கொள்ளலாம்.

சான்றிதழ் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அப்பா தொடங்கிய கடை, இரண்டு மகன்கள், ஒரு மகள், இரண்டு கிளைகள் என்று வளரும் தொழில்களில் கடையையும் வீட்டையும் பாகம் பிரிப்பார்கள், பெயரை மறந்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு தெரிந்த சுமீத் மிக்ஸியின் பெயருக்காக ஒரே குடும்பத்துக்குள் எழுந்த சச்சரவு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-ல் முடிந்தது. ஒரு முத்திரை என்றால் ஒரே மூலம், ஒரே உரிமையாளர் என்று அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. வாங்குபவரின் இடத்தில் நின்று பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஒரே பெயரில் இரண்டு தரம் வந்தால் எதை நம்புவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூட்டாண்மைப் பத்திரத்திலும் உயிலிலும் பெயர் யாருக்கு, யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி எழுதிவைப்பது அண்ணன் தம்பி உறவையும் சேர்த்துக் காக்கும்.

பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் எத்தனை தலைமுறைக்கும் தொடரும். இணையம் வழிப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.9,000. தேதி தவறினால் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்துடன் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகும் ஓராண்டு முடிவதற்குள் மீட்டெடுக்கலாம். பதிவு செய்த பெயரைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குமேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதை நீக்கும்படி பிறர் கேட்கலாம். விற்பனையில் இல்லாத பெயரை முடக்கி வைத்திருப்பதை இந்தச் சட்டம் ஆதரிப்பதில்லை.

பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலும் உரிமை கரையும். "பீட்டர் ஸ்காட்" என்ற இந்திய விஸ்கியின் பெயரை ஸ்காட்லாந்து விஸ்கி சங்கம் எதிர்த்தது. 1974-லேயே தெரிந்திருந்தும் 1986 வரை அந்தச் சங்கம் அதை நீக்கக் கேட்கவில்லை. இத்தனை ஆண்டு அமைதி காத்ததை 2008-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. உலகமே அறிந்த சங்கத்துக்கு நேர்ந்தது நம் கடைக்கும் நேரும். பக்கத்து ஊரில் உங்கள் பெயரில் பலகை ஏறியது தெரிந்தால், சண்டைக்கு எதற்கு என்று ஒதுங்காதீர்கள். பில்லோடு ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். பலகையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பல பேர் அதிலேயே பெயரை மாற்றிக்கொள்வார்கள். மாறாதவர்மீது, பதிவுள்ளவர் தான் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்; எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. திட்டமிட்டுப் போலி முத்திரை ஒட்டுபவர்களுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உள்ளன. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்றே தனிப்பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

இணையத்தில் விற்கும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு சொல். இணையதள முகவரிக்கும் டிரேட்மார்க்குக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு என்று, சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனம் தொடுத்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய இணையச் சந்தைகள் பெயர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர டிரேட்மார்க் எண்ணைக் கேட்கின்றன. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அப்பளமும் ஊறுகாயும் அனுப்புபவர்கள் இந்தியப் பதிவு அந்த நாடுகளில் செல்லாது என்பதை அறிந்திருக்க வேண்டும். 2013 முதல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் இருப்பதால், இங்கிருந்தபடியே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கேட்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் பெரிய நிறுவனத்தின் நோட்டீஸ் உங்கள் கடைக்கும் வரலாம். பயந்து அன்றே பலகையைக் கழற்ற வேண்டாம். அவர்கள் பயன்படுத்துவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பிருந்தே நீங்கள் அந்தப் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்துவந்திருந்தால், 34-ம் பிரிவு உங்களைக் காக்கும். ஆதாரமற்ற மிரட்டலை நிறுத்தச் சொல்லி வழக்குப் போடவும் 142-ம் பிரிவில் வழி இருக்கிறது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் "நந்தினி" 1985-லிருந்து வருவது. பெங்களூரின் "நந்தினி" உணவகங்கள் 1989-லிருந்து வருபவை. பால் விற்பதும் ஹோட்டல் நடத்துவதும் வேறு வேறு தொழில்கள், எழுத்தும் படமும் வேறு, மக்கள் குழம்ப மாட்டார்கள் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாலும் பால் பொருட்களும் மட்டும் விலக்கு. அங்கேயும் நீதிபதிகள் கேட்டது அதே கேள்விதான்: வாங்க வருபவர் ஏமாறுவாரா? ஏமாற வழியில்லை என்றால் பெரியவருக்கும் தனியுரிமை இல்லை. நாமும் அந்த எல்லையை மதிக்க வேண்டும். நம் பெயரின் ஓர் எழுத்து இன்னொரு கடையில் இருப்பதற்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புவது பெயரைக் காப்பதாகாது.

இந்த இதழை மூடிவைத்ததும் மூன்று வேலைகளைச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயரைப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் பெயரை முதன்முதலில் பயன்படுத்தியதற்கான தாள்களை ஒரே கோப்பில் சேருங்கள். வீட்டில், பங்குதாரர்களிடம் பெயர் யாருடையது என்பதைப் பேசி எழுதிவையுங்கள். தொழில் பெருகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெயரை விரும்புபவர்கள் பெருகும்போதுதான் அதை விரும்பி எடுப்பவர்களும் வருவார்கள். வரும் இதழ்களில் உங்கள் கேள்விகளுக்கு வழக்கறிஞர்களைக் கொண்டு பதில் தர ஏற்பாடு செய்கிறோம், தயங்காமல் எழுதுங்கள்.

கடை வைக்காத வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வழக்கமாக வாங்கும் பொருளின் பெயரிலோ உறையிலோ சிறு மாற்றம் தெரிந்தால், சுவை மாறியிருந்தால், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். சிறு உற்பத்தியாளர்களால் எல்லா ஊர்ச் சந்தையையும் சுற்றிப் பார்க்க முடியாது. அவர்களுடைய பெயரை இத்தனை காலம் வளர்த்தவர்கள் நீங்கள்தான். அது கெடாமல் காக்கவும் உங்கள் துணை அவர்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்